“இறுக்கிப் பிடிங்க” என்று சொன்னால் மட்டும் போதுமா? பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

மகப்பேறு பிரிவு பிசியோதெரபிஸ்ட்:

பிரசவமான பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இந்தப் பயிற்சிக்குக் கெகல் என்றும் பெயர். “கெகல் செய்யச் சொன்னாங்க, செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன், ஆனா இருமினா இன்னும் மூத்திரம் கசியுது மேடம்” என்று வருகிறவர்கள் நிறையப் பேர். படுக்கவைத்து, “எப்படிச் செய்றீங்க, காட்டுங்க” என்று கேட்பேன். பலர் மூச்சை அடக்கி, வயிற்றை இறுக்கி, கீழ்நோக்கி முக்குவார்கள். மேலே தூக்க வேண்டிய தசையைக் கீழே தள்ளுகிறார்கள், அதுவும் மாதக்கணக்காக, தவறாமல்.

இதில் அந்தப் பெண்கள்மேல் ஒரு குறையும் இல்லை. கண்ணால் பார்க்க முடியாத தசை அது. சரியாகச் செய்கிறோமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? 1991-ல் அமெரிக்காவில் பம்ப் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் இந்தப் பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உடனே அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் சுருக்கினார்கள். நாலில் ஒருத்தி செய்த விதம் கசிவை இன்னும் கூட்டக்கூடியது. பயிற்சிக்குத் தன் பெயரையே தந்த ஆர்னால்டு கெகல் 1948-ல் இதைப் பற்றி எழுதியபோது, யோனிக்குள் வைத்து அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவியையும் சேர்த்தேதான் பயன்படுத்தினார். தசை சுருங்கினால் முள் நகரும், அந்தப் பெண்ணே அதைப் பார்க்கலாம். பயிற்சி உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. சரிபார்க்கும் பழக்கம் பல இடங்களில் கூடப் போகவில்லை. எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாளைக் கையில் கொடுத்து “இதைச் செய்யுங்க” என்பதை, கற்றுக்கொடுத்ததாக நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கச் சொல்வேன். அது வசதிப்படாவிட்டால் ஒருக்களித்து. நிற்கும்போது உள்ளுறுப்புகளின் பாரம் தசைமேல் இறங்கும், ஆரம்பத்திலேயே அதைச் சேர்க்க வேண்டாம். “முன்னாடி இருக்கிற இடுப்பெலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தூளி மாதிரி ஒரு தசை கட்டியிருக்கு. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது” என்று படம் காட்டிச் சொல்வேன். அப்புறம்: “நாலு பேர் நடுவுல காத்து பிரியாம அடக்குவீங்கல்ல, அப்படிப் பின்னாடி இறுக்குங்க. அதே இறுக்கத்தை முன்னாடி கொண்டுவந்து, மூத்திரத்தை அடக்குற மாதிரி உள்ளே, மேலே இழுங்க. இப்ப மெதுவா விடுங்க.” விடுவதையும் அழுத்திச் சொல்வேன். முழுசாகத் தளராத தசை அடுத்த முறை முழுசாகச் சுருங்காது.

பிட்டத்தை இறுக்குவது, தொடைகளைச் சேர்த்து நெரிப்பது, வயிற்றை முழுக்க உள்ளே இழுப்பது, இந்த மூன்றும் அடிக்கடி வரும். தசை எங்கே என்று பிடிபடாதபோது பக்கத்தில் இருப்பதெல்லாம் உதவிக்கு வருகிறது, அவ்வளவுதான். மூச்சுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. சுருக்கிப் பிடித்திருக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னால் போதும், மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண முடியாது. மூச்சை வெளியே விடும்போது இடுப்புத்தளமும் இயல்பாக மேலே ஏறும், அந்த நேரத்தில் சுருக்கத் தொடங்குவது எளிது.

ஒரு பெண் என் நினைவில் அப்படியே இருக்கிறாள். ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், முக்கின நேரமும் அதிகம். நான் என்ன சொன்னாலும், “அங்க ஒண்ணுமே தெரியல மேடம், மரத்துப்போன மாதிரி இருக்கு” என்பாள். குழந்தை வெளியே வரும்போது அந்தப் பகுதியின் நரம்பு நன்றாக இழுபடும். தசை இருந்தும் உத்தரவு போய்ச்சேராது. பெரும்பாலும் சில மாதங்களில் தேறும். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். ஏனென்றால் அவள், தன்னால் முடியவில்லை, தன் உடம்பு கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி வைத்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு, பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில் விரல் நுனியை லேசாக வைக்கச் சொன்னேன். “இருமுங்க.” விரலைத் தள்ளுகிறது. “அது கீழே தள்ளுறது. நமக்கு வேணும்கிறது இதுக்கு நேர் எதிர். விரலை விட்டு உள்ளே விலகிப் போகணும்.” அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து வந்தபோதும் இல்லை. பிறகு ஒருநாள், “பின்னாடி மட்டும் ஏதோ அசையுது மேடம், நெஜமாவா, நானா நெனச்சுக்கிறேனா?” என்றாள். நெஜம்தான், அவள் விரலுக்கே தெரிந்தது. முன்பக்கம் வர இன்னும் நாளானது. பின்பக்கம் உணர்ந்தவள் முன்பக்கத்தையும் பிடித்துவிடுவாள் என்று எனக்கு அன்றைக்கே தைரியம் வந்துவிட்டது.

பிரசவ வார்டு செவிலியர்:

எங்கள் வார்டில் படுக்கைகள் நெருக்கமாக இருக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டு ஆண்கள் பார்க்க வந்திருக்கும் நேரத்தில் போய் “மூத்திரத்தை அடக்குற மாதிரி” என்று ஆரம்பித்தால் எந்தப் பெண் காது கொடுப்பாள்? தலையை ஆட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வாள். நான் திரையை இழுத்துவிட்டு, கட்டில் பக்கம் உட்கார்ந்து, மெதுவான குரலில்தான் பேசுவேன். திரை இழுப்பதற்கு ஆகும் அந்த நிமிஷத்தை நான் ஒருபோதும் மிச்சப்படுத்துவதில்லை.

கதீட்டரை, அதாவது மூத்திரக் குழாயை எடுத்து, தானாக மூத்திரம் போன பிறகுதான் ஆரம்பிப்பது. அடிக்கடி வரும் கேள்வி, “தையல் பிரிஞ்சிடுமா சிஸ்டர்?” பிரியாது. மெதுவாகச் சுருக்கி விடும்போது அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடும், வீக்கம் வடிய உதவும். வலி கூடாத அளவுக்கு லேசாக, ரெண்டு மூணு வினாடி பிடித்து விட்டால் போதும். மலவாய்த் தசை வரைக்கும் கிழிந்து தைத்திருந்தால் மட்டும் நானாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவதில்லை, பிசியோ பார்க்கும்படி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுவேன்.

சிசேரியன் ஆனவர்கள், “எனக்கு ஆபரேஷன்தானே சிஸ்டர், எனக்கு எதுக்கு?” என்பார்கள். குழந்தை எந்த வழியாக வந்தாலும், மாசக்கணக்கில் அந்தப் பாரத்தைத் தாங்கியது அதே தசைதான்.

ஒரு நாள் இப்படித் திரைக்குள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தார். “ஏம்மா, எனக்கும் இருமினா துணி நனையுது. பல வருஷமா இருக்கு. இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா? இந்த வயசுல செஞ்சா பிடிக்குமா?” இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லையாம். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டாராம். “கண்டிப்பா பலன் உண்டும்மா” என்று சொல்லி அவருக்கும் ஓர் ஓரமாகக் கற்றுக்கொடுத்து, பிசியோவிடமும் அனுப்பினேன். அன்றிலிருந்து கூட இருக்கும் பெண்களிடமும் நானாகவே கேட்டுவிடுகிறேன்.

ஒரு தாய்:

சொல்லிக்கொடுத்தவள் இல்லை, கற்றுக்கொண்டவள். என் அனுபவம் கொஞ்சம் வேறு, அதனால் எழுதுகிறேன்.

கசிவுக்குப் பயந்து, எங்கேயோ படித்ததை வைத்து, பால் கொடுக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, படுத்திருக்கும்போது என்று நாள் முழுக்க இறுக்கிக்கொண்டே இருந்தேன். போகப்போக மூத்திரம் போக உட்கார்ந்தால் உடனே வராது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கணவரோடு சேரவே முடியாத வலி. ஓரிடத்தில் காட்டியபோது, “இன்னும் நல்லா கெகல் பண்ணுங்க” என்றுதான் சொன்னார்கள். பண்ணினேன், வலி கூடியது. பிறகு பார்த்த பிசியோ அக்கா பரிசோதித்துவிட்டு, “உங்க தசை தளரவே மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு இறுக்கவே வேண்டாம், விடுறதை மட்டும் பழகலாம்” என்றார். வயிறு விரியும்படி மூச்சை உள்ளே இழுத்து, அடிப்பகுதி தளர்ந்து கீழே இறங்குவதைக் கவனிக்கச் சொன்னார். குழந்தை தூங்கும் நேரத்தில் இதை மட்டும் செய்தேன். பால் கொடுக்கும் காலத்தில் ஹார்மோன் குறைவால் அந்த இடம் வறண்டு போகும் என்பதையும் அவர்தான் சொன்னார், அதற்குத் தனியாக வழி செய்தார். வலி குறைந்த பிறகுதான் சுருக்கும் பயிற்சிக்கு வந்தோம். வலி இருக்கும் பெண்கள் ஆள் பார்க்காமல் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், தயவுசெய்து.

மகப்பேறு பிரிவு பிசியோதெரபிஸ்ட்:

மேலே அந்தத் தங்கை எழுதியதை என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். பரிசோதித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்துபோல “கெகல்” எழுதினால் இப்படித்தான் ஆகும். மேற்பார்வையோடு பயிற்சி தொடங்கும் முன், தசை சுருங்குகிறதா என்று விரலால் பரிசோதித்து உறுதி செய்யச் சொல்லி பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பெண் சம்மதித்தால்தான், அதைச் சொல்லவே வேண்டாம். சம்மதிக்காதவளுக்கு வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டில் காட்டலாம், அல்லது அவளே வீட்டில் தன் விரலாலும் கைக்கண்ணாடியாலும் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சியை எவ்வளவு செய்வது என்று சிலர் என்னிடம் தனியே கேட்டிருந்தார்கள். அதே வழிகாட்டுதல் சொல்வது: ஒரு தடவைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளைக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். எத்தனை வினாடி பிடிப்பது என்பதை நான் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். 3 வினாடியில் நழுவுகிறவளுக்கு 3 வினாடிதான், மெதுவாக 10 வரை ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே அளவு ஓய்வு. கடைசியில் சட்டென்று இறுக்கி, சட்டென்று விடுவது சில. இருமலும் தும்மலும் சொல்லிக்கொண்டு வருவதில்லையே, அந்த வேகத்துக்கும் தசை பழக வேண்டும். படுத்துச் செய்வது கைவந்த பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்று. தும்மல் வருவது தெரிந்தவுடன் முந்திக்கொண்டு இறுக்குவதை முதல் வாரத்திலிருந்தே பழக்கிவிடுவேன். 1998-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதை மட்டும் கற்றுக்கொண்ட வயதான பெண்களுக்கு ஒரே வாரத்தில் இருமும்போது கசிவது நன்றாகக் குறைந்திருந்தது. சிஸ்டர், அந்த மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்.

மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்வதை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தசை எது என்று கண்டுபிடிக்க எப்போதாவது ஒருமுறை பார்த்ததோடு சரி. வழக்கமாகச் செய்தால் மூத்திரப்பை முழுசாகக் காலியாகாமல் போகலாம்.

மலச்சிக்கலையும் கேளுங்கள். நாள்தோறும் முக்கினால் பயிற்சியின் பலன் அங்கேயே போய்விடும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்கிறவள் காலுக்கு ஒரு சின்ன முக்காலி வைத்து, முன்னால் சாய்ந்து, வயிற்றைத் தளர்த்தி விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்:

வீட்டுக்குப் போய்க் குழந்தையை எடை போட்டுவிட்டு, “உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?” என்றால் “நல்லா இருக்கேன்” என்பார்கள். அதோடு கிளம்பினால் ஒன்றும் தெரியவராது. “கசியுதா?” என்று நேராகக் கேட்டாலும் பாதிப் பேர் இல்லை என்றே சொல்கிறார்கள். நான் கேட்கும் விதம் வேறு. “தும்மல் வந்தா காலைச் சேர்த்துக்கிறீங்களா?” “வெளிய கிளம்புறப்ப முதல்ல பாத்ரூம் எங்க இருக்குன்னு பாக்குறீங்களா?” “சாயங்காலமானா கீழே ஏதோ இறங்கி நிக்கிற மாதிரி கனமா இருக்கா?” இப்படிக் கேட்டால் முகம் மாறும். “ஆமாங்க்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்பாள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

பயிற்சி செய்கிறாளா என்று கேட்டால் “செய்றேன்” என்பதுதான் பதில். எப்போது செய்கிறாள் என்று கேட்டால் பல நேரம் பதில் இருக்காது. கைக்குழந்தைக்காரிக்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நடக்காது. அதனால் அவள் எப்படியும் செய்கிற ஒன்றோடு சேர்த்துவிடுவேன், பால் கொடுத்து முடித்ததும், பல் தேய்த்ததும், இப்படி. அவளே தேர்ந்தெடுத்த நேரம்தான் நிலைக்கிறது. அடுத்த முறை போகும்போது “ஒரு தடவை என் முன்னாடி செய்ங்க, வாய்விட்டு எண்ணுங்க” என்பேன். எண்ண முடியவில்லை என்றால் மூச்சு அடைபட்டிருக்கிறது, தோள் ஏறுகிறதா, பிட்டம் தூக்குகிறதா என்று துணியோடு இருக்கும்போதே தெரிந்துவிடும். உள்ளே நடப்பதை நான் பார்க்க முடியாது, அது பிசியோவின் வேலை.

சிலரை நான் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். மூத்திரம் போகவே முடியாதவள், காய்ச்சலோடு பிறப்புறுப்பிலிருந்து கெட்ட வாடை வீசும் கசிவு உள்ளவள், தையல் இடத்தில் வலியும் வீக்கமும் கூடிக்கொண்டே போகிறவள். மலமோ காற்றோ அடக்க முடியவில்லை என்று சொல்பவளையும், கீழே கையில் ஏதோ தட்டுப்படுகிறது என்பவளையும் அடுத்த பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்க விடமாட்டேன். மலம் அடங்கவில்லை என்பதைத் தானாக வாய்திறந்து சொன்ன பெண் எனக்கு ஒருத்தி மட்டும்தான். மற்ற எல்லோரிடமும் நான்தான் கேட்டேன்.