டப்பாவக் கவுத்து வச்ச மச்சான்: உங்களுக்கும் இப்படி ஏதாச்சும் நடந்திருக்கா?

மாட்டுத்தாவணிக்காரன்:
2019ல நடந்தது. இன்னும் மனசுல கெடக்கு, அதான் எழுதுறேன். பாண்டி கோயில்ல எங்க வீட்டுக் கிடாவெட்டு. மெல்போர்ன்ல இருந்து அக்காவும் மச்சானும் வந்திருந்தாங்க. அந்த ஊரு சிகரெட் டப்பா தெரியும்ல? கம்பெனிக் கலரு, முத்திரை ஒண்ணும் கெடையாது. சாணிய வழிச்சு அப்புன மாதிரி ஒரு பழுப்பு. எந்தக் கம்பெனியா இருந்தாலும் பேரு ஒரே மாதிரி எழுத்துலதான். மிச்சம் பூராம் சிகரெட்டால வர்ற சீக்கக் காட்டுற எச்சரிக்கைப் படம்.

கறி வேகுற வரைக்கும் மரத்தடியில தார்ப்பாய விரிச்சு உக்காந்திருந்தோம். மச்சான் கட்டியிருந்தது பை வச்ச ஒட்டுற வேட்டி. குத்துதுன்னு டப்பாவ எடுத்துக் கீழ வச்சார். வச்ச கையோட கவுத்தார். கவுத்தா பின்னாடி அதவிடப் பெரிய படம். திரும்பப் பொரட்டினார். அப்புறம் அது மேல செல்போன வச்சு மூடினார். "அங்க டேபிள்ல இப்படித்தான் மாப்ள, கை அதுவாப் பண்ணுது"ன்னு சிரிச்சார். அந்நேரம் பாத்து போன் அடிச்சிருச்சு. அவரு எடுத்துட்டுப் பேசுறார், எம்மக குனிஞ்சு பாக்குறா. அப்ப அவளுக்கு ஆறு வயசு. "மாமா, இது யாரு காலு?"ன்னா. அழுகுன கால் படம். மச்சான் ஒண்ணும் சொல்லல. நீட்டியிருந்த தன் கால மடக்கி வேட்டிக்குள்ள இழுத்துக்கிட்டார்.

பொட்டிக்கடை, ஆரப்பாளையம்:
தம்பி, நம்ம ஊர்ல யாரு டப்பா வாங்குறா? பஸ் ஸ்டாண்டுல இருந்து வர்ற ஆளுக முக்காவாசி "அண்ணே, கிங்ஸ் ஒண்ணு"தான். 2016 ஏப்ரல்ல இருந்து ரெண்டு பக்கமும் 85 சதவீதம் படம்னு போட்டாய்ங்க. அத நாள் பூராம் பாக்குறது நான் ஒருத்தன்தான். டப்பா எம்பக்கம், குச்சி அவுக பக்கம். குச்சி பளிச்சுனு வெள்ளையா இருக்கு.

ஒரு தடவ ஒரு லாரி டிரைவர் முழு டப்பா கேட்டார். நீட்டினேன். கையில வாங்கல. "அண்ணே, வேற படம் இருந்தா குடுங்க. ராத்திரி ஓட்டணும், இந்த வாய் வேணாம்"னார். அடியில பழைய சரக்கு ஒண்ணு கெடந்துச்சு, தொண்டைப் படம். அத உத்துப் பாத்துட்டு "இது பரவால்ல"ன்னு வாங்கிட்டுப் போனார். அதுல என்னத்தப் பரவால்லன்னு கண்டாரோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

உசிலம்பட்டிப் பொண்ணு:
எங்க அப்பா டப்பாவாத்தான் வாங்குவாரு. வெள்ளைச் சட்டை, மேல் பையில டப்பா, முன்னாடி ரெண்டா மடிச்ச பேப்பர். அந்தப் பேப்பர் எதுக்குன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. மின்சாரக் கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை, எது கெடைச்சாலும் சொருகிக்குவாரு.

தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு அங்க இருந்தது மொய்க் கவர். மேடையில ஏறி, பொண்ணு மாப்பிள்ளை கையில கவரக் குடுத்துட்டாரு. குடுத்தப்புறம் பையில மறைக்க என்ன இருக்கு? வெயில், வேர்வை, சட்டை மெல்லிசு. ஆல்பம் வந்தப்பதான் பாத்தோம். குடும்பம் மொத்தமும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறோம், அப்பா நெஞ்சுல அந்த வாய் மங்கலாத் தெரியுது. அம்மா அந்தப் பக்கத்த மட்டும் வேகமாப் பொரட்டிருவாங்க. கிழிச்சுப் போட மனசு வரல, அதுலதான் அப்பத்தாவும் இருக்காங்க.

வைகைக்கரை:
நானும் 11 வருஷம் குடிச்சவன்தான். சிம்மக்கல் டீக்கடையில பள்ளிக்கூடத்து வாத்தியாரப் பாத்ததும் எரியிற சிகரெட்ட உள்ளங்கைக்குள்ள மடக்கினேன், தழும்பு இருக்கு. அது இருக்கட்டும்.

பொட்டிக்கடை அண்ணனுக்கு ரெண்டு வார்த்தை. "வேற படம்"னு நம்ம ஊர்ல ஒண்ணும் தனியா வர்றதில்ல. வருஷத்துக்கு ஒரு படம்னு மாத்தி மாத்திப் போட உத்தரவு. நீங்க குடுத்தது முந்தின வருஷத்துச் சரக்கு. இன்னொண்ணு, உதிரியா வித்தா படத்த எவ்வளவு பெருசாப் போட்டு என்ன புண்ணியம்? ஆஸ்திரேலியாவுல 2012 டிசம்பர்ல அந்த டப்பா வந்தப்புறம், மெல்போர்ன்லயும் அடிலெய்டுலயும் வெளிய மேசை போட்ட கடைகள்ல ஆள் வச்சு எண்ணிப் பாத்திருக்காங்க. மேசை மேல டப்பா தெரியிறது கொறஞ்சிருச்சு. வச்சவங்களும் முன்ன விட அதிகமாக் கவுத்தும் மறைச்சும் வச்சிருக்காங்க. அங்க வேலை செய்யிறது டப்பா. இங்க வேலை செய்யிறது வாத்தியாரும் மாமனாரும்தான், அவங்க அங்கிட்டுப் போனா அடுத்த குச்சி பத்திக்கும்.

மாட்டுத்தாவணி நண்பருக்கு: மச்சான்கிட்ட சொல்லுங்க, வெறும் வைராக்கியத்துல விடப் பாத்தா மொத சில நாள் ரொம்பத் தவிக்கும். நிக்கோடின் சூயிங்கம் மெதுவா மென்னு, கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், முழுங்கக் கூடாது. டீ காப்பி குடிச்ச கையோட போடக் கூடாது. 2018ல இருந்து நம்ம டப்பாவுலயே 1800-11-2356னு ஒரு நம்பர் போடுறாங்க, காசில்லாத போன், அதுல ஆலோசனை சொல்றாங்க. காலையில எந்திரிச்சதும் பத்த வைக்கிறவரா, சாப்பிட்டப்புறம் மட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எழுதுறேன். பொது இடத்துல பிடிச்சா 200 ரூவா அபராதம், 2008 அக்டோபர் 2ல இருந்து, கோயில் பக்கம் ஜாக்கிரதை.

அப்புறம் அந்த ஆஸ்திரேலியா டப்பா சாணிக் கலர் இல்ல. மொதல்ல ஆலிவ் பச்சைன்னுதான் சொன்னாங்க. ஆலிவ் வெவசாயிங்க, எங்க காய அசிங்கப்படுத்தாதீங்கன்னு சண்டைக்கு வந்ததும் பேர மாத்திட்டாங்க.

பொட்டிக்கடை, ஆரப்பாளையம்:
வைகைக்கரை சார், உதிரிய நிறுத்திட்டா கடை வாடகைய நீங்க குடுக்குறீங்களா? முழு டப்பாதான்னா, ஒண்ணு குடிக்கிறவன் பத்தையும் அன்னைக்கே ஊதுவான். அதையும் யாராச்சும் எண்ணுனாய்ங்களா?

உசிலம்பட்டிப் பொண்ணு:
அபராதம், நம்பர் எல்லாம் சரிங்கண்ணே. நாங்க கேட்டது அனுபவம். உங்களோடது ரெண்டு வரியில முடிஞ்சிருச்சு. அந்த வாத்தியார் ஏதாச்சும் சொன்னாரா?

வைகைக்கரை:
"கையில என்னப்பா, காட்டு"ன்னார். காட்டல. கை குடுத்துட்டுப் போயிட்டார், இடது கைய.

மாட்டுத்தாவணிக்காரன்:
ஆலிவுக்குச் சண்ட போட ஆள் இருக்கு, சாணிக்கு யாரு வருவா, அதான் அப்படி எழுதினேன். மச்சான் இன்னும் விடலைங்க. போன தடவ வந்தப்ப அதே கவுத்து வைக்கிறதுதான். எம்மகளுக்கு இப்ப வெவரம் தெரியும், ஒண்ணும் கேக்கல. ஏர்போர்ட்டுக்குக் கெளம்புற அவசரத்துல பாதி டப்பாவ எங்க வீட்டு டிவி மேல விட்டுட்டுப் போயிட்டார். எங்க அம்மா அதத் தொடாம, மேல ஒரு துண்டப் போட்டு வச்சிருக்காங்க.

பொட்டிக்கடை, ஆரப்பாளையம்:
எத்தன குச்சி மிச்சம் இருக்கு தம்பி?