எல்எம்2596 (வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் ஐசி) அவுட்புட்டை கன்ட்ரோல் வோல்டேஜால் மாற்றும்போது 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10.8

கேள்வி:
24 வோல்ட் சப்ளை, எல்எம்2596-ஏடிஜே (அவுட்புட்டை மாற்றக்கூடிய வகை). 12 வோல்ட் டிசி ஃபேனுக்கு 5 முதல் 12 வரை மாற்றித் தர வேண்டும். அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக் பின்னுக்கு (ஐசி அவுட்புட்டைக் கண்காணிக்கும் பின்) 10கே ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1.5கே. அதே பின்னுக்கு 4.7கே வழியாக கன்ட்ரோல் வோல்டேஜ். அது ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரின் 20 கிலோஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் சிக்னல்). 10கே, 1 மைக்ரோஃபேரட் ஃபில்டர் தாண்டி, 5 வோல்ட்டில் ஓடும் எல்எம்358 ஓப்-ஆம்ப் பஃபர் (வோல்டேஜை அப்படியே கடத்தும் சர்க்யூட்) வழியாக வருகிறது. 3.3 கொடுத்தால் சரியாக 5 வருகிறது. 0 கொடுத்தால் 10.8-க்கு மேல் ஏறவில்லை. ரெசிஸ்டர்களை அளந்தாயிற்று. ஈஎஸ்பி ரீசெட் ஆனால் ஃபேன் உச்ச வேகத்துக்குப் போகிறது, அது ஏன்?

பதில் 1:
கணக்கு சரிதான். ஃபீட்பேக் பின் எப்போதும் 1.23-இல் நிற்கும். ஆகவே அவுட்புட் = 1.23 × (1 + 10/1.5) + (1.23 − கன்ட்ரோல்) × 10/4.7. கன்ட்ரோல் 0 என்றால் 12.05, 3.3 என்றால் 5.03. கன்ட்ரோல் 1 வோல்ட் ஏறினால் அவுட்புட் 2.13 இறங்கும். அப்படியானால் 10.8 என்பது கன்ட்ரோல் 0.6-இல் சிக்கி நிற்பதற்கான அடையாளம். மீட்டரை ஓப்-ஆம்ப் அவுட்புட்டில் வைத்துப் பாருங்கள்.

குற்றவாளி எல்எம்358. கன்ட்ரோல் 0-வில் இருக்க, 4.7கே வழியாக வரும் 0.26 மில்லிஆம்பை அது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். 0.6 வோல்ட்டுக்குக் கீழே அதனால் 50 மைக்ரோஆம்ப் அளவுதான் இழுக்க முடியும். எம்சிபி6002 மாதிரி ரெயில்-டு-ரெயில் (அவுட்புட் கிட்டத்தட்ட 0 வரை இறங்கக்கூடிய) ஓப்-ஆம்ப் போடுங்கள். கையில் இல்லையென்றால் எல்எம்358 அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 470 ஓம். கன்ட்ரோல் 0.09 வரை இறங்கும், அவுட்புட் 11.86 கிடைக்கும். 3.3-இல் 7 மில்லிஆம்ப் வீணாகும், அவ்வளவுதான்.

4.7கே-யை ஃபீட்பேக் பின்னை ஒட்டியே வையுங்கள். நீளமான கம்பி ஓப்-ஆம்ப் பக்கம்தான் இருக்க வேண்டும். மறுபக்கம் இருந்தால் ரெகுலேட்டர் காயிலின் இரைச்சல் நேரே பின்னுக்குள் ஏறும்.

பதில் 2:
ரீசெட்டில் ஈஎஸ்பி32-இன் பிடபிள்யூஎம் பின் மிதக்கிறது, ஃபில்டரை 3.3-இல் பிடித்து வைக்க எதுவும் இல்லை, அது 0 பக்கம் இறங்கினால் ஃபேன் உச்சம். அந்த ஜிபிஐஓ பின்னிலிருந்து 3.3-க்கு ஒரு 10கே (புல்-அப்) போட்டால் ரீசெட்டில் 5-க்கு வந்துவிடும். ஜிபிஐஓ 12-இல் மட்டும் வேண்டாம், பூட் ஆகாது.

ஆனால் குளிரூட்டும் ஃபேன் என்றால் இதைத் தொடவே வேண்டாம் என்பேன். கன்ட்ரோலர் செத்தால் ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதே பாதுகாப்பு. 12-ஐத் தாங்காத லோடாக இருந்தால் புல்-அப் போதாது, ஓப்-ஆம்ப் சப்ளை போனாலும் ஆபத்துதான், 4.7கே துண்டித்தால் அவுட்புட் 9.43-இல் நிற்கும். அங்கே எல்எம்2596-இன் பின் 5-ஐ (ஆன்/ஆஃப்) ஹையில் பிடித்து ரெகுலேட்டரையே நிறுத்தி வைக்க வேண்டும். பல ரெடிமேட் மாட்யூல்களில் அந்தப் பின் கிரவுண்டோடு பற்ற வைக்கப்பட்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஓப்-ஆம்ப் அவுட்புட்டில் 0.59. எம்சிபி6002 போட்டதும் 12.0 வந்துவிட்டது. ஃபில்டர் கெபாசிட்டரைக் குறைத்து வேகமாக்கலாமா?

பதில் 1:
அளவோடு. அவுட்புட்டில் 470 மைக்ரோஃபேரட் இருந்தால், 7 வோல்ட்டை 1 மில்லிசெகண்டில் ஏற்ற அதற்கு மட்டும் 3.3 ஆம்ப் வேண்டும். ஐசி 3 ஆம்ப் வகை. இப்போதுள்ள 10 மில்லிசெகண்ட் ஃபில்டரில் அது 0.33 ஆம்ப்தான். இறங்குவது வேறு கதை: எல்எம்2596 போன்ற டையோடு வகை பக் (வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர்) கரண்ட்டைத் திருப்பி இழுக்காது, லோடுதான் கெபாசிட்டரைக் காலி செய்ய வேண்டும். 10 மில்லிஆம்ப் லோடில் 12-லிருந்து 5-க்கு வர 0.33 செகண்ட் ஆகும்.