கடையில் கிடந்த ஆதார் நகலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது சரியா?

நகல்கடைக்காரன், கடலூர்:

திருப்பாதிரிப்புலியூரில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் சீட்டு நடத்திய அக்கா ஒருவர் ஆவணி மாதம் இரவோடு இரவாக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். இருபது பேர், மாதம் ஐயாயிரம். நான் பதினான்கு மாதம் கட்டியிருந்தேன், சீட்டு எடுக்கவில்லை. தள்ளு போக அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் போயிற்று. மெஷின் மாற்றுவதற்காக வைத்திருந்த கணக்கு அது. இப்போதிருக்கும் மெஷினில் டிரம் கீறிப்போய், எந்த நகல் எடுத்தாலும் இடது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும். என் கடை நகலை ஊரில் எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

சீட்டுக்காரர்கள் ஐந்தாறு பேர் கடைக்கு வந்தார்கள். "அவள் உன்னிடம்தானே எல்லா ஜெராக்ஸும் எடுப்பாள், ஆதார் இருக்குமே" என்றார்கள். இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பி நகல் எடுத்துப் போனது, கம்ப்யூட்டரில் அப்படியே கிடந்தது. எனக்கும் வயிற்றெரிச்சல். ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். அதற்கு இரண்டு ரூபாயும் வாங்கிக்கொண்டேன். கை பழக்கத்தில் வாங்கிவிட்டது.

மறுநாள் அது முகநூலில் வந்தது. படம், பன்னிரண்டு இலக்க எண், முகவரி, கைப்பேசி எண், எதையும் மறைக்கவில்லை. ஓரத்தில் என் கடைக் கோடு.

அந்த ஆதாரில் இருந்தது பழைய முகவரி. வண்டிப்பாளையத்தில் அவர் முன்பு குடியிருந்த வீடு. இப்போது அங்கே வயதான தம்பதி இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நான்கு பேர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கைப்பேசி எண்ணையும் அவர் விட்டு வருடமாகிறது. இப்போது அது வேறொரு பெண்ணிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணை ஊரே அழைத்து வசை பாடுகிறது.

இந்த வாரம் மறுபடி வந்தார்கள். அந்த அக்காவின் மகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் என் கடையில்தான் போட்டோம். மதிப்பெண் பட்டியல், போட்டோ, கல்லூரி விவரம் எல்லாம் இருக்கிறது. அதைக் கேட்கிறார்கள். தர முடியாது என்றேன். "நீயும் அவளுக்குப் பங்காளியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அம்மாவுடையதைக் கொடுத்தவன் மகளுடையதைக் கொடுக்க மாட்டேன் என்கிறேன். இதில் நியாயம் இருக்கிறதா, இல்லை எனக்கே பயம் வந்துவிட்டதா? முதலில் போட்டதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா?

மூன்று லட்சம் போனவன், நெல்லிக்குப்பம்:

அண்ணே, உங்களுக்கு அறுபதாயிரம். எனக்கு வேறொரு சீட்டில் மூன்று லட்சம். புகார் கொடுக்கப் போனோம். பதிவில்லாத சீட்டில் ஏன் சேர்ந்தீர்கள் என்று எங்களையே அதட்டி அனுப்பினார்கள். என் அப்பா காலத்தில் கடன் வாங்கியவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவமானம் அவன் வாசலோடு நிற்கும், பணமும் வரும். இன்று ஓடுகிறவனுக்கு வாசல் எங்கே இருக்கிறது? முகநூல்தான் வாசல். போட்டது போட்டதுதான், எடுக்காதீர்கள். மகளை இழுப்பது மட்டும் வேண்டாம். எனக்கும் பெண் இருக்கிறாள்.

குமாஸ்தா, புதுச்சேரி:

வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கட்டு கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலே சொன்ன தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசலில் உட்கார்ந்தவர் தப்பான வீட்டு வாசலில் உட்கார மாட்டார்.

"இன்னார் சீட்டு நடத்தினார், பணம் தராமல் போய்விட்டார்" என்று எழுதுவது ஒன்று. உண்மையாக இருந்து, பொது நன்மைக்காகவும் சொன்னால் அவதூறு வழக்கில் அதற்கு இடம் உண்டு. உண்மை என்பது மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். ஆதாரைப் போடுவது வேறு கதை. 2016 ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவே எண்ணையும் விவரங்களையும் படத்தையும் பகிரங்கமாக வெளியிடக் கூடாது என்கிறது. அவர் மோசடி செய்தவர் என்பதால் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது, நல்லவர்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. கடைக்காரர் அண்ணன் கவனிக்க: எந்த வேலைக்காகக் கொடுத்தார்களோ அந்த வேலைக்கு மட்டும் என்பதுதான் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே. அந்தப் பெண்மணி உங்களிடம் கொடுத்தது நகல் எடுக்க.

வண்டிப்பாளையத்துக் கதவு தட்டல் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான். கூட்டம் வந்த பிறகு விசாரணை நடப்பதில்லை.

பணத்துக்கு வழி: பதிவில்லாமல் சீட்டு நடத்துவதே 1982 சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். கட்டியவர்கள் தனித்தனியாகப் போகாமல், சீட்டு நோட்டுப் பக்கங்களையும் பணம் அனுப்பிய விவரத்தையும் சேர்த்து ஒரே மனுவாக மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுங்கள். அங்கே அந்த ஆதார் நகலைத் தாராளமாக இணைக்கலாம்.

முத்தியால்பேட்டைக்காரி:

2021-இல் என் தம்பி ஒரு கடன் செயலியில் ஆறாயிரம் வாங்கினான். தவணை தவறியதும் அவன் கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் படம் போயிற்று. அவன் படம் இல்லை, என் படம். கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் டீ கொண்டுவரும் பையன் வரைக்கும் பார்த்துவிட்டான். இரண்டு மாதம் நான் குபேர் அங்காடிப் பக்கமே போகவில்லை, காய்கறி அம்மாதான் வாங்கினார். செயலிகள் தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2022 செப்டம்பரில். எனக்கு அது ஒரு வருடம் தாமதம்.

அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் "பணம் பாக்கி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். பாக்கி உண்மைதான். நான் வாங்கியதில்லை, அவ்வளவுதான். அந்தக் கைப்பேசி எண்காரப் பெண்ணிடம் யாராவது பேசினீர்களா?

நகல்கடைக்காரன், கடலூர்:

பேசினேன் அம்மா. மூன்று தடவை எடுக்கவில்லை, நான்காவது தடவை அவருடைய அண்ணன் எடுத்தார். திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வண்டிப்பாளையத்துக்கும் போனேன். அந்தப் பெரியவர் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே பேசினார். நகலைக் கொடுத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். "எதற்குக் கொடுத்தாய்?" என்றார். பதில் வரவில்லை.

பதிவு போட்டவரிடம், ஓரத்துக் கோட்டை வைத்து என் கடை என்று எல்லோருக்கும் தெரிகிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார். ஒரு மணி நேரத்தில் கோடு தெரியாமல் ஓரத்தை வெட்டிவிட்டு மறுபடி போட்டார். அது என் தப்பு, கோட்டைப் பற்றி ஏன் பேசினேன் என்று தெரியவில்லை. முகநூலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன், இன்னும் இருக்கிறது. மனுவில் இதுவரை பன்னிரண்டு பேர் கையெழுத்து.

நேற்று இரவு கடையை மூடியபின் கம்ப்யூட்டரில் கிடந்த நகல்களை அழித்தேன். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், சாதிச் சான்றிதழ், யாரோ ஒருவருடைய விவாகரத்து ஆணை. எழுநூறு வரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. காலையில் முதல் வாடிக்கையாளர் வந்தார். "அண்ணே, போன மாதம் எடுத்த என் ஆதார் உள்ளே இருக்குமே, அதிலேயே இரண்டு போடுங்கள்." இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்து வீட்டுக்குப் போயிருக்கிறார், கொண்டுவர.