வரி ஒளியில் உருவம் அளந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வில்லியனூர் ரோடு:
எங்கள் லேபில் வில்லியனூர் சுடுமண் குதிரை ஒன்றை அளந்தோம். ஒரு சாதாரண புரொஜெக்டர், சற்றுத் தள்ளிக் கோணத்தில் ஒரு கேமரா. குதிரை மேல் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் போட்டால், கழுத்தில் நேராக இறங்கும் கோடு மார்புக்கு வந்ததும் பக்கவாட்டில் நெளியும். அந்த நெளிவிலிருந்துதான் உயரத்தைக் கணக்கிடுகிறோம். கேமராவும் புரொஜெக்டரும் ஒரே இடத்தில் இருந்தால் நெளிவே தெரியாது.

கோடு என்றாலும் ஓரம் வெட்டினாற்போல இருக்காது, சைன் அலையாக மெல்ல மங்கும். அதைக் கால் அலை, கால் அலையாக நகர்த்தி நான்கு படம் எடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஃபேஸ், அதாவது அலையில் அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்பது, கிடைக்கும். பொருளின் நிறம் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். சூளையில் கருகிய திட்டிலும் அளவு பிசகவில்லை. எனக்கு இந்த முறையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

வினை வந்தது புரொஜெக்டரின் காமாவால், அதாவது கொடுத்த அளவுக்கு ஒத்தபடி வெளிச்சம் ஏறாததால். சைன் அலை கொஞ்சம் கோணினாலும் மட்டமான பலகைகூட அலையலையாக வரும். வெள்ளைப் பலகையை அளந்து திருத்தம் போட்ட பிறகுதான் சேணத்துக் கீறல்கள் தெளிந்தன.

கடலூர் ஓ.டி.:
கொடுத்துவைத்தவர் சார் நீங்கள்! எனக்கு வாய்த்தது பாலிஷ் போட்ட ஸ்டீல் டை (அச்சு). பாதி இடம் கண் கூசுகிறது, பாதி இருட்டு. வெல்டிங் விரிசல் பார்க்கிற டெவலப்பர் ஸ்ப்ரேயை மெலிதாக அடித்ததும் கோடு ஒழுங்காக நின்றது. ஆனால் அந்த வெள்ளைத் தூளுக்கும் தடிமன் உண்டு, வேலை கொடுத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பகல் வெளிச்சம் கணக்கில் கழிந்துவிடும் என்பார்கள். கேமராவே வெளுத்துப்போன பிறகு எதைக் கழிப்பது? நாங்கள் இரவில்தான் எடுப்போம். பக்கத்தில் பிரஸ் மெஷின் ஓடினால் அதுவும் போச்சு, அதிர்வில் நான்கு படமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

வில்லியனூர் ரோடு:
அதிர்வு இருந்தால் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் தகேதாவும் முதோவும் 1983-ல் எழுதிய ஃபூரியர் முறையைப் பாருங்கள், படத்தை அலைகளாகப் பிரித்து ஃபேஸ் எடுக்கிற கணக்கு அது. ஒரே படம் போதும். கூரான விளிம்புகள் மழுங்கும், அதுதான் விலை.

பண்ருட்டி பக்கம்:
சிரிக்காதீர்கள், நாங்கள் அளந்தது பலாப்பழம். முள்ளுக்குப் பின்னால் நிழல், நிழலில் கோடே இல்லை. அப்புறம், ஃபேஸ் ஒவ்வொரு அலை முடிந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எத்தனையாவது கோடு என்று அதற்குத் தெரியாது. எண்ணிக்கை தாவி, அடுத்தடுத்த முள்களுக்கு நடுவே விரல் ஆழத்துக்குப் பள்ளம் காட்டியது. கோட்டுக்குக் கோடு எண் கொடுக்கிற கிரே கோட் பட்டைகளையும் சேர்த்துப் போட்டதும் தாவல் நின்றது. நிழல் ஓட்டைகளுக்குப் பழத்தைத் திருப்பித் திருப்பி எடுத்து ஒட்ட வேண்டியதுதான். காம்புப் பக்கத்தை மட்டும் கீழே வைக்காதீர்கள், பால் வடிந்து மேடையோடு ஒட்டிக்கொள்ளும்.