மகள் பிறந்த பிறகு குடும்பப் புகைப்படக்காரரானேன்: காசிமேட்டு அனுபவம்

திருமணத்துக்கு முன்பு பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கேமராவைக் கையாளத் தெரிந்திருந்தும், படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ளத் தோன்றியதில்லை. மகளின் முதல் பிறந்தநாளுக்கு ஆல்பம் போடலாம் என்று கைப்பேசியில் இருந்த படங்களைப் பார்த்தபோது, தூளியில் அவள், பாட்டி மடியில் அவள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவள் என எல்லாம் இருந்தன. எடுத்தவள் நான் என்பதால் நான் மட்டும் எதிலும் இல்லை. தங்கையிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டேன், அங்கும் அதே கதைதான். குழந்தையோடு தாயும் இருக்கும் படங்களை அவர்கள் வாழும் வீட்டிலேயே எடுத்துக்கொடுப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அதன்பின் சென்ற வீடுகளில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் ஒருவருடைய வீடு. கடலுக்குப் போனால் பல நாள் கழித்தே கரை திரும்பும் அவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் தொடர்ந்து வீட்டில் இருப்பார். "தடைக்காலம் முடியறதுக்குள்ள வந்துடுங்கக்கா, இப்பதான் புள்ள அவருகிட்ட அழாம போகுது" என்று அவருடைய மனைவி அழைத்திருந்தார்.

ஒற்றை அறை வீடு. தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. தவழும் குழந்தை படத்தில் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தைக் குறைத்தால், படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். எனவே விளக்கை அணைத்துவிட்டு, வாசல் வழியாக வரும் வெளிச்சத்தையே நம்பினேன். வாசற்படியில் உட்காரக் கூடாது என்று பாட்டி சொன்னதால், ஓரடி உள்ளே பாய் விரித்து, எதிர்ப்பக்கக் கொடியில் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டோம். அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகங்களின் நிழலை நன்றாகவே குறைத்தது.

"நான் எதுக்குக்கா? புள்ளைய மட்டும் எடுங்க" என்றார் அந்தத் தாய். எல்லா வீட்டிலும் கேட்கும் சொல்தான் இது. என் கைப்பேசியைக் கொடுத்து, மகளின் முதல் வருடப் படங்களில் என்னைத் தேடச் சொன்னேன். சிறிது நேரம் பார்த்தவர், புடவை மாற்றப் போகாமல், நைட்டியும் தோளில் துண்டுமாக அப்படியே வந்து அமர்ந்தார். கணவருக்கோ வேறு கவலை. கயிறு இழுத்துக் காய்ப்பு ஏறிய உள்ளங்கை குழந்தைக்கு உறுத்தும் என்று, விரல்களை மடக்கிப் புறங்கையால்தான் அவள் கன்னத்தைத் தொட்டார். அவளோ அந்தக் கையைத் திருப்பி, கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். தாய் சிரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருக்க, மூவரையும் ஒரே படத்தில் எடுத்தேன்.

இணையத்தில் பார்த்த படத்தைக் காட்டி, பிறந்த குழந்தை கைகளில் தாடையை ஊன்றியிருப்பது போல எடுத்துத்தரச் சொன்னது திருவொற்றியூரில் ஒரு குடும்பம். கழுத்து நிற்காத குழந்தையை ஒருவர் மாற்றி ஒருவர் தாங்கிப் பிடிக்க, தனித்தனியாக எடுத்த படங்களை இணைத்து உருவாக்குவது அது என்று விளக்கி, மறுத்துவிட்டேன். முப்பது நாள் முடியும் வரை படமே வேண்டாம் என்று சொல்லும் பாட்டிகளோடு நான் வாதிடுவதில்லை. கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கணினியில் அழித்துத்தரும்படி சில தந்தையர் கேட்பதுண்டு. அந்தப் பொட்டை வைத்த கையும் குடும்பத்தில் ஒருவருடையதுதானே, அதை அழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

காசிமேட்டுக் குடும்பத்துக்கு அந்த மூவர் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொடுத்தேன். காதுகுத்துக்கும் என்னையே அழைத்திருக்கிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனும் விசைப்படகில் போகிறவர் என்பதால், அதை அடுத்த தடைக்காலத்தில் வைத்திருக்கிறார்கள்.