‘நச்சுக் கருவாலி’ வேண்டாம்: ஒரு செடிக்கும் அதன் எண்ணெய்க்கும் தமிழ்ப் பெயர் தேடி

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்குள்ள மலைப்பாதைகளில் எங்கும் வளர்ந்து கிடக்கும் ‘பாய்சன் ஓக்’ செடி பட்டால் வரும் தோல் தடிப்பையும், அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய கைவைத்தியத்தையும் பற்றியது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். செடிக்கு என்ன பெயர் எழுதுவது?

ஓக் மரத்துக்கு நம் அகராதிகளில் கருவாலி, சிந்தூரம் என்ற பெயர்கள் இருக்கின்றன. ‘நச்சுக் கருவாலி’ என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். போக மனம் வரவில்லை. அந்தப் பெயரின் இரண்டு பாதிகளுமே பொய். அது கருவாலி இல்லை. இலையின் விளிம்பு மட்டும் கருவாலி இலைபோல மடல் மடலாக இருக்கும். மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் எந்தக் குடும்பமோ, அதுவும் அந்தக் குடும்பம்தான். ‘நச்சு’ என்பதும் பொருந்தாது. அதன் எண்ணெய் பாம்பின் நஞ்சுபோல உடலைத் தாக்குவதில்லை. எண்ணெய் தோலுக்குள் இறங்கியதும் நம் உடலின் எதிர்ப்பாற்றல் அதைப் பகையாக எண்ணிக் கிளர்ந்து எழுகிறது. தடிப்பும் கொப்புளமும் அந்தக் கிளர்ச்சியின் விளைவு. அதனால்தான் தொட்ட உடனே ஒன்றும் தெரிவதில்லை. பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் அரிப்பு தொடங்குகிறது. தணிய ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடலூர் மாவட்டத்திலிருந்து வந்திருந்த என் அம்மா, மலைப்பாதையில் சிவந்த இலைகளைப் பார்த்து ஆசையாக ஒரு கொத்தை ஒடித்துத் தன் சால்வையில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டாம் நாள் முன்கை முழுவதும் கொப்புளம். நான் “அது விஷச்செடி அம்மா” என்றேன். விஷம் என்ற சொல்லைக் கேட்டதும் விஷக்கடிக்குச் செய்வதையெல்லாம் செய்தார். உப்பில்லாமல் சாப்பிட்டார், வேப்பிலை அரைத்துப் பூசினார், ஒட்டிக்கொள்ளும் என்று பேத்தியைக் கிட்டவே விடவில்லை. அந்தச் சால்வை மட்டும் கூடத்துக் கொடியில் தொங்கிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பேத்தி அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அவள் கழுத்திலும் தடிப்பு வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களுக்குக் கை வெந்துபோகும் அல்லவா, அந்த எண்ணெய்க்கு இது உறவு” என்றேன். அம்மா உடனே, “அதை முதலிலேயே சொல்ல மாட்டாயா? அந்த எண்ணெய் துணியில் பட்டால் அப்படியே கிடக்குமே. சால்வையைத் துவைத்துப் போட்டிருப்பேனே” என்றார். உறவைச் சொன்ன ஒரே வாக்கியத்தில் செய்ய வேண்டியது அவருக்கு விளங்கிவிட்டது. கொப்புள நீரில் அந்த எண்ணெய் இல்லை, அதனால் நோய் பரவாது; கழுவாத துணி, செருப்பு, நாயின் மயிர் ஆகியவற்றால்தான் பரவும். இதை நான் பத்து வரியில் விளக்கியும் அவர் மனத்தில் ஏறியிருக்கவில்லை.

ஆகவே பெயரே உறவைச் சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை. சேராங்கொட்டைக்கே சேங்கொட்டை என்றும் பெயர். சேங்கொட்டை மரத்துக்குச் ‘சே’ என்ற பழம்பெயர் அகராதியில் இருக்கிறது. அதை எடுத்து, செடியை மூவிலைச்சே என்றும், அதன் எண்ணெயைச் சேநெய் என்றும் அழைக்கலாமா? எண்ணெய்க்கு உலக வழக்கில் உள்ள பெயர் உருஷியால். ஜப்பானில் அரக்குப் பூச்சுக்குப் பயன்படும் மரப்பாலின் பெயரான ‘உருஷி’யிலிருந்து வந்தது. அவர்கள் தங்கள் மரத்தைக் கொண்டு பெயர் வைத்தார்கள் என்றால், நாம் நம் மரத்தைக் கொண்டு வைப்பதில் என்ன தடை?

— சான் ஹோசேயிலிருந்து

மடல் 2

அன்புத் தம்பிக்கு,

முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ‘சே’ என்ற தேர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தொல்காப்பியம் சே என்னும் மரப்பெயருக்குத் தனியே புணர்ச்சி விதி சொல்கிறது. வல்லெழுத்து வந்தால் இடையில் மெல்லெழுத்து தோன்றும். சேங்கோடு, சேங்கொட்டை என்று நாம் சொல்வது அந்த விதிப்படிதான். அங்கே சொல்லப்படும் மரம் இதுவேதானா என்பதில் மாறுபட்ட கருத்துக்கு இடம் உண்டு. அகராதி தரும் மரப்பொருள்களில் சேங்கொட்டையும் ஒன்று என்ற அளவில் நமக்குப் போதும். மலையாளத்திலும் தீண்டினால் தடிக்கும் மரத்தைச் ‘சேர்’ என்றே சொல்கிறார்கள். இத்தனை பழைய சொல் உயிரோடு இருக்கும்போது ‘நச்சு’ என்ற ஒட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆனால் ‘மூவிலை’ போதாது. மூன்று சிற்றிலை என்பது கிழக்கு அமெரிக்காவில் வளரும் இதன் உறவுச்செடியான ‘பாய்சன் ஐவி’க்கும் பொது. மேற்குக் கரையில் இருப்பது வேறு இனம். அதன் அறிவியல் பெயரான ‘டைவர்சிலோபம்’ என்பதற்கே பலவகை மடல்கள் உடையது என்று பொருள். எனவே உங்கள் செடியை மடலிலைச்சே என்று சொல்லுங்கள். ‘மூவிலைச்சே’ அந்தக் கூட்டத்துக்குப் பொதுப்பெயராக இருக்கட்டும். ஐவிக்குக் ‘கொடிச்சே’ என்று யாராவது முன்மொழிவார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். நிழலில் வளரும்போது மடலிலைச்சேயும் மரத்தைப் பற்றிக் கொடியாகவே ஏறும். கொடி என்றால் ஒன்று, புதர் என்றால் மற்றொன்று என்று நம்பி ஒருவர் கையை வைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்துவிடும். வெறும் குச்சியிலும் எண்ணெய் இருக்கும். பெயரில் இலை இருப்பதால், இலை இல்லாதபோது ஆபத்தில்லை என்று நினைத்துவிடப் போகிறார்கள். சருகைக் கொளுத்துவதும் கூடாது. புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

— மதுரையிலிருந்து

மடல் 3

வணக்கம்.

நான் சித்த மருத்துவர். ‘சேநெய்’ என்ற சொல்லைக் கண்டதும் பதறிப்போனேன். எங்கள் மருத்துவத்தில் சேராங்கொட்டை நெய் என்று உள்மருந்து ஒன்று உண்டு. முறைப்படி சுத்திகரித்த கொட்டையில், மருத்துவர் மேற்பார்வையில் தருவது. உங்கள் அறிக்கையைப் படிக்கும் ஒருவர், சேநெய்யால் வந்த நோய்க்குச் சேராங்கொட்டை நெய்யே மருந்து என்று முடிவுகட்டினால் என்ன ஆகும்? தயவுசெய்து அந்தப் பெயரைக் கைவிடுங்கள்.

மாங்காய்க் காம்பை ஒடித்தால் வடிவதைப் பால் என்றுதான் சொல்கிறோம். பால் பட்டு உதடு வெந்துபோனது என்று தாய்மார்கள் குழந்தைகளை அழைத்து வருவார்கள். அதைப் பின்பற்றி, மதுரை ஐயா சொன்ன புணர்ச்சி விதிப்படியே, சேம்பால் என்று வையுங்கள். வரும் நோய் சேம்பால் தோலழற்சி.

கைவைத்தியம் பற்றியும் ஒரு சொல். ‘இயற்கை மருந்து’ என்று தலைப்பு இடாதீர்கள். அரிப்பை அடக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. முதலாவதற்குத் தணிப்பு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துணி, வெந்நீரில்லாத குளியலில் கரைத்த ஓட்ஸ் மாவு, கலமைன் பூச்சு, சோற்றுக்கற்றாழைச் சோறு, எல்லாமே தணிப்புகள். தோல் தானாக ஆறும் வரை பொறுத்திருக்க உதவுபவை. அதுவும் பெரிய உதவிதான். அரிப்பில் இரவு முழுவதும் விழித்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

— நாகர்கோவிலிலிருந்து

மடல் 4

ஐயாவுக்கும் மருத்துவர் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி.

மடலிலைச்சே, சேம்பால், சேம்பால் தோலழற்சி, தணிப்பு ஆகிய நான்கையும் ஏற்றுக்கொள்கிறேன். சேநெய்யை வரைவிலிருந்து நீக்கிவிட்டேன். மருத்துவர் அம்மா சொன்ன ஆபத்து என் கண்ணில் படவே இல்லை.

தணிப்பு என்ற சொல் கிடைத்ததும் அறிக்கையின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டியிருந்தேன். இப்போது கழுவல் தனி, தணிப்பு தனி. சேம்பால் தோலில் ஊறுவதற்குள் கழுவிவிட வேண்டும். முதல் சில நிமிடங்கள் தவறினால் பலன் குறைந்துகொண்டே போகும். சோப்பும் ஏராளமான குளிர்ந்த நீரும் போதும், ஆனால் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். எந்த மூலிகைக்கும் முன்னால் இதுதான்.

மூலிகை விரும்பிகளுக்காக ஓர் ஆய்வைச் சேர்த்திருக்கிறேன். கிழக்கு அமெரிக்காவில் ‘ஜுவல்வீட்’ என்ற செடியைக் கசக்கித் தேய்ப்பது நெடுநாள் வழக்கம். அது நம் காசித்தும்பையின் உடன்பிறப்பு. 2012இல் வெளியான ஆய்வொன்றில், தொட்டவுடன் அந்தச் செடியை நசுக்கித் தேய்த்தால் தடிப்பு குறைவதைக் கண்டார்கள். ஆனால் சோப்பு அதைவிட நன்றாக வேலை செய்தது. மருதாணியில் சிவப்பைத் தரும் லாசோன் என்ற பொருள் ஜுவல்வீட்டிலும் உண்டு. அதுதான் காக்கிறது என்ற பழைய எண்ணத்துக்கு அந்த ஆய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. ஆகவே “மருதாணி அரைத்துப் பூசலாமா” என்று கேட்பவர்களுக்கு என் விடை, கழுவுங்கள் என்பதே. கலிபோர்னியப் பழங்குடியினர் மாசிப்பத்திரியின் இனமான ஒரு செடியை இந்தத் தடிப்புக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதை அவர்களுடைய மரபு என்ற மதிப்போடு குறிப்பிட்டிருக்கிறேன், செய்முறை தரவில்லை.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் சேர்த்தேன். முந்திரி உடைப்பவர்கள் வேலைக்கு முன் கையில் எண்ணெய் பூசிக்கொள்வார்கள், அது தடுப்பு. தொட்ட பிறகு, கழுவாமல் தேங்காய் எண்ணெய் தடவினால் சேம்பால் அதில் கரைந்து மேலும் பரவும். என் அம்மா முதல் நாள் அதைத்தான் செய்திருந்தார்.

ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, சலவைக்காரர் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி பட்ட இடத்தில் இந்தியாவில் இருந்த அயல்நாட்டுப் படைவீரர்களுக்குத் தடிப்பு வந்தது. அதை ஆங்கில மருத்துவ ஏடுகள் ‘டோபி’ என்ற சொல்லைச் சேர்த்தே பதிவு செய்தன. அதைத் தமிழில் ‘வண்ணார் தடிப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். நோய்க்கு ஒரு சாதியின் பெயரை ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘சேக்குறித் தடிப்பு’ என்று எழுதினால் விதிப்படி ‘சேங்குறி’ என்று ஆக வேண்டுமா?

அறிக்கையின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன். பிழை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

“மடலிலைச்சே என்பது மாவுக்கும் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் உறவான செடி. அதன் சேம்பால் பட்டால், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடுத்தியிருந்த துணியையும் துவையுங்கள். கொப்புளம் வந்தவரை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. கண்ணருகிலோ முகத்திலோ பிறப்புறுப்பிலோ தடிப்பு வந்தாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும், மூச்சு முட்டினாலும் தணிப்புகளோடு நிற்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.”

— சான் ஹோசேயிலிருந்து

மடல் 5

தம்பி, ‘சேங்குறி’தான் சரி. பத்தியில் ‘சோப்புப் போட்டு’ என்பதற்குப் பின் ‘குளிர்ந்த நீரில்’ என்று சேருங்கள். மற்றபடி அச்சுக்குப் போகட்டும்.

— மதுரையிலிருந்து