கழிமுகத்தில் தன்னார்வப் பாதுகாப்பு: சட்டத்தின் துணையின்றி நிலைக்குமா?

கேள்வி:
ஓர் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள கடற்புல் படுகையையும், அதை அண்டி வாழும் மட்டி, நண்டு, மீன்குஞ்சுகளையும் காக்க நாங்கள் சிலர் முன்வந்திருக்கிறோம். அரசாணையோ அபராதமோ இல்லாமல், அங்கே தொழில் செய்வோரின் ஒப்புதலை மட்டுமே நம்பி இறங்கலாமா?

மறுமொழி 1:
தாராளமாக இறங்கலாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் கடற்கரை 1984இலும், இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஹெல்ஃபோர்டு கழிமுகம் 1987இலும் இவ்வாறே தன்னார்வக் காப்பிடங்களாயின. ஆனால், எல்லையை நீங்களே வரைந்துவிட்டுப் பிறகு மீனவர்களிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். எந்தத் திட்டில் மட்டி அருகிவிட்டது, சினை நண்டு எப்போது வலையில் ஏறுகிறது என்பதையெல்லாம் அவர்கள் சொல்லக் கேட்டு வரைந்த எல்லையைத்தான் அவர்கள் மதிப்பார்கள்.

மறுமொழி 2:
கடற்புல் என்றால் முதலில் படகுகளைக் கட்டிவைக்கும் சங்கிலிகளைப் பாருங்கள். ஏற்றத்திலும் வற்றத்திலும் படகு திசை மாறும்போதெல்லாம், தரையில் கிடக்கும் சங்கிலி சுற்றியுள்ள புல்லை வேரோடு அரைத்து, வட்டமான மொட்டைத் திட்டு ஒன்றை உண்டாக்கிவிடுகிறது. சங்கிலியின் நடுவே மிதவை ஒன்றைக் கட்டினால் அது தரையைத் தொடாமல் தூக்கி நிற்கும். படகை அகற்றச் சொன்னால் சண்டைதான் வரும். மிதவை கட்டச் சொன்னால் பெரும்பாலோர் இணங்குவார்கள்.

மறுமொழி 3:
தூண்டில் புழுவுக்காகச் சேற்றைத் தோண்டுவோரிடம், குழியை அப்போதே மூடிவிடும்படி கேளுங்கள். குவித்துவிட்டுப் போகும் சேற்றின் அடியில் இளம் மட்டிகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. புரட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்து வைப்பதும் அவ்வளவே முக்கியம். கல்லின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சும் மீன் முட்டைகளும் வெயிலில் சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெளியிலிருந்து வருபவர்கள் இணங்காவிட்டால் என்ன செய்வது?

மறுமொழி 1:
அதுதான் இம்முறையின் எல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் கழிவையும், அடித்தரையை வாரிச் செல்லும் இழுவலையையும் ஒப்புதலால் மட்டும் நிறுத்த முடியாது. இங்கிலாந்தின் லண்டி தீவும் 1970களில் தன்னார்வக் காப்பிடமாகத் தொடங்கி, 1986இல் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. மீன்பிடிப்பே கூடாத பகுதி அங்கே 2003இல்தான் வந்தது. எனவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்களில், ஆண்டுதோறும் ஒரே இடங்களில் ஒரு மீட்டர் சதுரச் சட்டகத்தை வைத்து, உள்ளே இருக்கும் மட்டிகளையும் புல் தண்டுகளையும் எண்ணிக் குறித்து வாருங்கள். பிற்காலத்தில் சட்டப் பாதுகாப்புக் கோரும்போது அந்தக் கணக்கேடு உங்களுக்குத் தேவைப்படும்.